முதல் தண்ணியிலேயே உத்தரவு

“ஒன் பேஜ்ல போட்டதெல்லாம் படிச்சேன்லா. நான் கேக்கறது அது இல்ல. தண்ணி தெளிச்சும் ஆடு சிலுப்பலன்னா?”

“சிலுப்பும்ணே. இது வரைக்கும் சிலுப்பாத ஆட்ட நாங்க குடுத்ததே இல்ல.”

“இது வரைக்கும் நான் உங்கிட்ட வாங்கினதும் இல்ல. சிலுப்பலன்னா?”

“வேற ஆடு சும்மாவே தருவோம். அதுவும் பேஜ்ல போட்டிருக்கு.”

வந்தவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அருகில் நின்ற கிடாயின் காதைப் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் மெதுவாக முறுக்கினான். ஆடு தொண்டை கிழியக் கத்தியது. அவன் விடவில்லை.

“வேற ஆட்ட வச்சு நான் என்னா கறிக்கடையா போடப் போறேன்? ஊரு பாக்கறது முதல் ஆட்டத்தான் தங்கச்சி.”

அவன் யாரென்று மாதவிக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. லிங்கிப் பக்கத்துத் தோட்டங்களில் சத்தியசீலனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் தொழிலாளர் லயத்து வீடுகளில் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். சுகுமாறன் என்ற லாரி டிரைவரைச் செம்பனை எண்ணெய் ஆலைக்குப் பின்புறம் இரும்புக் குழாயால் அடித்துக் கொன்றதாக அவன்மேல் வழக்கு இருந்தது. பார்த்தவர்கள் ஒவ்வொருவராகச் சாட்சிக் கூண்டில் ஏறி, இருட்டு, முகம் தெரியவில்லை என்றார்கள். அவர்களில் ஒருவருக்கு உடைந்த தாடையில் கம்பி கட்டியிருந்ததால், அவர் சொன்னதையே இரண்டு முறை கேட்க வேண்டியிருந்ததாம். சத்தியசீலன் விடுதலையானான். முனியாண்டிக்குக் கறுப்புக் கிடாய் நேர்ந்திருந்ததாக அன்றைக்கே கோர்ட்டு வாசலில் நின்று சொன்னான்.

“கோர்ட்டு விட்டுருச்சு. ஊரு விடல,” என்றான் இப்போது, ஆட்டின் காதை விட்டுவிட்டு. “கோயில்ல எல்லாரும் பாக்கணும். சாமியே ஒத்துக்கிச்சுன்னு தெரியணும். அதுக்குத்தான் உன் ஆடு. வேற எவன்கிட்டயும் போவாம இவ்ளோ தூரம் கோலா பிலாவுக்கு வந்திருக்கேன். உன் பேருக்காவ வந்திருக்கேன்.”

மாதவி திரும்பிப் பார்த்தாள். கொட்டகையின் மறுகோடியில் அவள் அண்ணன் அர்ச்சுனன் கையில் தண்ணீர்க் குழாயோடு நின்றான். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னான்.

“உறுதிண்ணே,” என்றாள் அவள்.

“வாக்கு குடுத்திருக்க. ஆட்டுக்கு வாயில்ல, அத நான் ஒண்ணும் கேக்க முடியாது.” சத்தியசீலன் அர்ச்சுனனைப் பார்த்துத் தலையசைத்தான். “உங்கண்ணன் கை நல்லா பலமா இருக்கு. ஆடு வளக்கற கை.”

மோட்டார் சத்தம் செம்பனை வரிசைகளுக்குள் தேய்ந்து மறைந்த பிறகு அர்ச்சுனன் அருகில் வந்தான்.

“ஏன் ஒத்துக்கிட்ட?”

“முடியாதுன்னு சொல்லியிருந்தா?”

அர்ச்சுனன் யோசித்தான். “அதுக்கும் அடிச்சிருப்பான்தான்,” என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தான்.

அந்தப் பேரை மாதவி சும்மா சம்பாதிக்கவில்லை. சிரம்பானில் மார்க்கெட்டிங் படித்துவிட்டு வந்தபோது, செம்பனை நிழலில் மேய்கிற ஆடுகளும் அவற்றை விற்கத் தெரியாத அண்ணனும்தான் அவள் கையில் இருந்தார்கள். அர்ச்சுனனின் ஆடுகள் நல்ல ஆடுகள். ஆனால் நல்ல ஆடு வைத்திருந்தவர்கள் அந்த வட்டாரத்தில் நிறையப் பேர். அவர்களில் பாதிப் பேர் வாங்க ஆளில்லாமல் கொட்டகையை மூடியிருந்தார்கள். பொருள், விலை, இடம், விளம்பரம் என்று வகுப்பில் நான்கு விரலை மடக்கிச் சொல்லிக்கொடுத்தார்கள். மாதவி முதலில் அவற்றில் எதையுமே தொடவில்லை. லயம் லயமாகப் போய், பூசைக்கு ஆடு வாங்கியவர்களோடு உட்கார்ந்து பாலூற்றிய தே குடித்தாள்.

என்ன எடை, என்ன விலை என்றுதான் எல்லாரும் ஆரம்பித்தார்கள். தே ஆறிய பிறகு வேறொன்று வெளியே வந்தது. வெட்டுமுன் பூசாரி ஆட்டின் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். ஆடு உடம்பை உதறிச் சிலுப்ப வேண்டும். அதுதான் சாமியின் உத்தரவு. சிலுப்பாவிட்டால் கத்தி இறங்காது, நேர்த்திக்கடன் ஏற்கப்படவில்லை என்று அர்த்தம். கூட்டம் ஆட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு, நேர்ந்துகொண்டவனைப் பார்க்க ஆரம்பிக்கும். ஒரு வீட்டில் ஆடு சாயங்காலம்வரை மழையில் அசையாமல் நின்றதாம். மறுவாரம் அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பேசியிருந்த சம்பந்தம் நின்றுபோனது. “அடுத்த பூசைக்கும் அப்படி நின்னுருமோன்னுதாம்மா பயம்,” என்றாள் அந்தப் பெண்ணின் தாய்.

இவர்கள் கறி வாங்கவில்லை, இவர்கள் வாங்குவது அந்த ஒரு சிலிர்ப்பை என்று மாதவிக்கு அன்றைக்குத் தெரிந்தது. ஆடு அதைச் சுற்றியிருக்கிற காகிதம் மாதிரி. அவள் எழுதிய வாசகம் ஒன்றே ஒன்று: ‘முதல் தண்ணியிலேயே உத்தரவு.’ ஆடு சிலுப்பும் காட்சிகளைப் பேஜில் போட்டாள். கோலா கிளாவாங் மலைப்பக்கத்திலிருந்து லிங்கி ஆற்றங்கரைவரை ஆர்டர் வந்தது.

வியாபாரம் போன ஒருவன் ஆள் அனுப்பினான். பட்டப்பகலில், அர்ச்சுனன் புல்லறுக்கப் போயிருந்த நேரத்தில், கதவுக்கு வெளியே கம்பி சுற்றிவிட்டுக் கொட்டகைக்குத் தீ வைத்தார்கள். அர்ச்சுனன் கம்பியைக் கையாலேயே பிய்த்துக்கொண்டு உள்ளே போனான். அன்றைக்குக் கேட்ட சத்தத்தை ஆட்டுச் சத்தம் என்று மாதவியால் ஒருபோதும் நினைக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் முழுக்க ஒரே நேரத்தில் அழுவது போலிருந்தது. பாதி வெந்து உயிரோடிருந்தவற்றை அர்ச்சுனன் ஒவ்வொன்றாக மடியில் தலையை வைத்து அறுத்தான். அறுத்து முடித்ததும் கத்தியைத் தரையில் குத்தி, அதன் பிடிமேல் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தான்.

மறுநாளும் போன் அடித்தது. ஆடே இல்லாத கொட்டகைக்கு ஆர்டர் வந்துகொண்டிருந்தது. காத்திருக்கிறோம், உங்கள் ஆடுதான் வேண்டும் என்றார்கள். எரிந்த கட்டைகளுக்கு நடுவில் நின்று அந்தக் குரல்களைக் கேட்டபோதுதான், தான் படித்தது எதற்கென்று மாதவிக்கு முழுசாகப் புரிந்தது. எரிக்க முடிந்ததை எல்லாம் எரித்துவிட்டுப் போயிருந்தார்கள். பேர் அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில், முகம் தெரியாத ஆயிரம் வீடுகளில் இருந்தது.

அந்தப் பேரை நம்பிப் புது ஆடுகள் வாங்கினார்கள். புதுக் கொட்டகையைக் காட்ட வேண்டும், ஆடுகள் நலமாக இருப்பதைக் காட்ட வேண்டும் என்று, சாயங்காலங்களில் அர்ச்சுனன் ஆடுகளைக் குளிப்பாட்டுவதை மாதவி லைவ் போட்டாள். தீக்காயம் ஆறாத கை, ஷாம்பு நுரை, பளபளக்கும் கறுப்பு முதுகு. சனம் மயங்கிப்போனது. தோட்டத்துப் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டுப் பார்த்தார்கள். பேர் வைத்தார்கள், ஆட்டுக்கு முத்தம் அனுப்பினார்கள். அர்ச்சுனனுக்குக்கூட ஒரு கல்யாண வரன் வந்தது.

கோலா கிளாவாங்கில் ஒரு கிடாய் மூன்றாம் தெளிப்பில்தான் சிலுப்பியது. வெயில் அதிகம் என்று நினைத்துக்கொண்டாள். அந்தக் காட்சியை மட்டும் பேஜில் போடவில்லை.

*

லிங்கித் தோட்டத்து முனியாண்டி கோயிலில் பூசையன்று நண்பகலுக்கே மண் சிவந்திருந்தது. மற்ற வீட்டுக் கிடாய்கள், யார் யாரிடமோ வாங்கிய ஒல்லிக் கிடாய்கள், தண்ணீர் பட்டதும் உதறிக்கொண்டு வரிசையாக விழுந்தன. பூசாரி ராமசாமி வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டி, பாராங் கத்தியை இரண்டு கையாலும் தூக்கி ஒரே இறக்காக இறக்கினார். தலை தனியே கண் சிமிட்டியது. உடம்பு தனியே நாலு கால் ஓட்டம் ஓடியது. சாமிக்கு முன்னால் சுருட்டு புகைந்தது. கறுப்பு பீர் போத்தல்களின் கழுத்துவரை ரத்தம் தெறித்திருந்தது.

சத்தியசீலன் புது வேட்டி கட்டியிருந்தான். அவனுடைய ஆட்கள் கூட்டத்தை இரண்டாகப் பிளந்து வழி விட்டார்கள். எதிரே, வேப்பமரத்தடியில், சுகுமாறனின் தாய் பஞ்சாலை தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் போகச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. சத்தியசீலன் அவளைப் பார்த்தான். பிறகு மாதவி முக்காலியில் பொருத்தியிருந்த போனைப் பார்த்தான்.

“ஓடுதா?”

“ஓடுதுண்ணே. லைவ்தான்.”

“எல்லாரும் பாக்கட்டும்.”

அர்ச்சுனன் கறுப்புக் கிடாயைக் கொண்டுவந்து நிறுத்தினான். அந்த மைதானத்தில் அப்படியொரு அழகான விலங்கு அதுவரை நின்றதில்லை. கூட்டத்தில் யாரோ அதன் பேரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டார்கள். உடுக்கை அடித்தது. ராமசாமி செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினார்.

ஆடு அசையவில்லை.

மறுபடி ஊற்றினார். முதுகில், வாலடியில், கழுத்தில். ஆடு கண்ணை மூடிக்கொண்டது. கழுத்தை நீட்டி, தாடையைச் சற்றே உயர்த்தி, பக்கத்தில் நின்ற அர்ச்சுனனின் தொடையில் தலையைச் சாய்த்தது.

அது எதற்காகக் காத்திருக்கிறதென்று மாதவிக்குத் தெரிந்தது. நுரைக்காகக் காத்திருக்கிறது. அடுத்து விரல்கள் வந்து காதோரம் தேய்க்கும் என்று காத்திருக்கிறது. சாயங்காலந்தோறும், ஆயிரம் பேர் பார்க்க, தண்ணீருக்குப் பயப்படாதே என்று அவளே அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

மூன்றாவது செம்பும் தீர்ந்தது. உடுக்கை நின்றது. கூட்டத்தின் தலைகள், சோளக்கதிர்கள் காற்றில் திரும்புவதுபோல், ஆட்டிலிருந்து சத்தியசீலன் பக்கம் திரும்பின.

“காதுல ஊத்து,” என்றான் அவன்.

“காதுல ஊத்தினா எந்த ஆடும் உதறும் தம்பி. அது உத்தரவு இல்ல,” என்றார் ராமசாமி.

“ஊத்துய்யா!”

“மாட்டேன்.”

அப்போது மரத்தடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத சத்தம். பஞ்சாலை எழுந்து நின்று மார்பில் அறைந்துகொண்டாள். “தெரியும்டா! சாமிக்குத் தெரியும்டா! எம்புள்ள மண்டைய எத்தன தடவ அடிச்சன்னு அதுக்குத் தெரியும்டா!”

அதன்பிறகு எல்லாம் ஒரே மூச்சில் நடந்தது. சத்தியசீலன் ராமசாமியின் கையிலிருந்து பாராங்கைப் பிடுங்கினான். உத்தரவில்லாத ஆட்டின் கழுத்தில் வெட்டினான். அவனுக்கு வெட்டத் தெரியவில்லை. கத்தி எலும்பில் மாட்டி நின்றது. ஆடு கண்ணைத் திறந்து, குளிக்கும்போது இதெல்லாம் கிடையாதே என்பதுபோல் அர்ச்சுனனைப் பார்த்துக் கத்தியது. சத்தியசீலன் காலால் அதன் முதுகை மிதித்துக் கத்தியை உருவி மறுபடி வெட்டினான், மறுபடி வெட்டினான். ரத்தம் குழாய்த் தண்ணீர்போல் பீறிட்டு முக்காலியில், போனில், முன்வரிசைப் பெண்களின் சேலையில் அடித்தது. பெண்கள் அலறிக்கொண்டு பின்வாங்கினார்கள். ராமசாமி சாமியின் பக்கம் திரும்பிக் காதைப் பொத்திக்கொண்டார்.

“விடுண்ணே, அது செத்துருச்சு,” என்று அர்ச்சுனன் அவன் தோளைத் தொட்டான்.

தொட்டிருக்கக் கூடாது. சத்தியசீலன் திரும்பிய வேகத்தில் கத்திப்பிடி அர்ச்சுனனின் வாயில் இறங்கியது. பல் உடைந்த சத்தம் மாதவிக்குக் கேட்டது. அவனுடைய ஆட்கள் வந்து அர்ச்சுனன்மேல் விழுந்தார்கள். விலாவில், வயிற்றில், தீக்காயத் தழும்பின்மேல் மிதித்தார்கள். அர்ச்சுனன் ஆட்டின் ரத்தத்தில் வழுக்கி, எழ முயன்று, மறுபடி வழுக்கினான். சுற்றி நின்ற அவ்வளவு பேரில் ஒருவரும் முன்னால் வரவில்லை. அந்தத் தோட்டத்துக்கு அது நல்ல பழக்கம். ஒருவன் அர்ச்சுனனின் தலைமயிரைப் பிடித்து இழுத்துப்போய் வெட்டுக்கட்டையருகே மண்டியிட வைத்தான். இன்னொருவன் அவனது வலது கையைக் கட்டைமேல் நீட்டிப் பிடித்தான்.

“மாதவி,” என்றான் சத்தியசீலன். மூச்சு வாங்கியது. அவன் குரல் இப்போது தணிந்து, ஏறக்குறைய மரியாதையாக இருந்தது. “இன்னும் ஓடுதா அது?”

அவள் தலையாட்டினாள். ரத்தம் படிந்த கண்ணாடிக்குள் எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. அவளுடைய பேஜ் ஒருநாளும் இவ்வளவு பேரைப் பார்த்ததில்லை.

“சேலையால தொடை. தொடச்சிட்டு முன்னால வந்து நில்லு. ஆடு சிலுப்பிச்சு, கூட்டத்துல கேமராவுக்குத் தெரியலன்னு சொல்லு.”

“இவ்ளோ பேரு பாத்தாங்களேண்ணே.”

“இவங்களா?” அவன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். கூட்டம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டது. “இவங்க நான் சொல்றதத்தான் பாத்தாங்க. வெளிய உள்ளவங்க நான் சொன்னா நம்பமாட்டாங்க. நீ சொன்னா நம்புவாங்க. பேரு சும்மாவா சம்பாதிச்ச? எனக்கு இப்ப அதுதான் வேணும், ஆடு இல்ல.”

எவ்வளவு சரியாகப் புரிந்துவைத்திருக்கிறான் என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது. வகுப்பில் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

“சொல்லாத மாதவி,” என்றான் அர்ச்சுனன். உடைந்த வாயில் சொற்கள் கொழகொழத்தன. “போனா போவுது கைதான...” ஒருவன் அவன் முகத்தைக் கட்டையில் மோதினான். 

அவள் போனை முக்காலியிலிருந்து கழற்றினாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். அவள் முகம் அதில் தெரிந்தது. கன்னத்தில் ஆட்டு ரத்தம். சிலுப்பியது என்று சொன்னால் அண்ணன் கை மிஞ்சும். சுகுமாறன் இரண்டாம் முறை சாவான், இந்த முறை அவள் வாயால். சொல்லாவிட்டால் கத்தி இறங்கும். மூன்றாவதாக ஒன்று இருந்தது, அது உண்மையாகவும் இருந்தது: சாமி எதையும் மறுக்கவில்லை, ஆடு தண்ணீருக்குப் பழகியது, நாங்கள்தான் பழக்கினோம். அதைச் சொன்ன நொடியில் சத்தியசீலன்மேல் விழுந்த பழி ஆட்டின்மேல் போய்விடும். அவனுக்கு அது போதும். அர்ச்சுனன் கையை எடுத்துக்கொள்ளலாம். பேர் மட்டும் அங்கேயே, அந்த லைவிலேயே, எல்லாருக்கும் முன்னால் செத்துப்போகும். தீக்குத் தப்பிய பேர்.

போகட்டும் என்று முடிவு செய்தாள். கை பேரைவிடப் பெரியது.

“அவரு நேர்த்திக்கடன்ல ஒண்ணும் குறையில்லைங்க,” என்று போனைப் பார்த்து ஆரம்பித்தாள். “ஆடு ஏன் சிலுப்பலன்னா...”

சத்தியசீலன் புருவத்தைச் சுருக்கினான். ஆனால் தடுக்கவில்லை. பாராங்கின் நுனி அர்ச்சுனனின் மணிக்கட்டுமேல் அப்படியே நின்றது.

அப்போது ஒரு கை அவள் இடுப்பைச் சுற்றியது. காய்ந்து, எலும்பாக, எதிர்பாராத பலத்தோடு. பஞ்சாலை எப்போது மரத்தடியிலிருந்து வந்தாளென்று யாரும் கவனிக்கவில்லை. ஆட்களில் ஒருவன் அவளை இழுக்க வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றான். மாதவி போனை அனிச்சையாக மார்போடு சேர்த்து மூடிக்கொண்டாள். பஞ்சாலையின் வாய் அவள் காதை ஒட்டியிருந்தது. வெற்றிலை வாசம் வந்தது.

“நீ என்னா சொல்லப் போறன்னு எனக்குத் தெரியும்மா,” என்றாள் பஞ்சாலை. அவளுக்கு மட்டும் கேட்கும் குரல். “குளிப்பாட்டறத தெனமும் பாப்பேன். எம்புள்ள போனப்பறம் எனக்கு சாயங்காலத்துல வேற வேலை ஏது? கழுத்த நீட்டிக்கிட்டு தண்ணிக்கு நிக்கும், பாத்திருக்கேன். அது சிலுப்பாதுன்னு இன்னிக்கிக் காலையிலயே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வந்தேன்.”

“ஆயா, எங்கண்ணன் கை...”

“பாக்கறேன்மா. கண்ணு இருக்கு, பாக்கறேன்.” கிழவியின் நகங்கள் சேலையைத் துளைத்துக்கொண்டு இடுப்பில் இறங்கின. “கோர்ட்டுல ஒருத்தரும் சொல்லல. போலீஸ்ல ஒருத்தரும் சொல்லல. இத்தன சனம் முன்னால அவன் பண்ணினான்னு சொன்னது அந்த ஒரு ஆடுதான். எனக்கு வேற தீர்ப்பு வராது.”

கட்டையில் அர்ச்சுனன் முனகினான். “நேரம் ஆவுது,” என்று சத்தியசீலன் கத்தியை உயர்த்தினான்.

“சொல்லிறாதம்மா,” என்றாள் பஞ்சாலை. “அந்த ஆட்ட மட்டும் பொய்யாக்கிறாத, கண்ணு.”